வீட்டை ஒட்டிய மரத்தூர்: இழுப்பதா, தோண்டுவதா, மக்கவிடுவதா?

மரம் வெட்ட வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்துவிட்டார்கள். கிளைகளும் நடுமரமும் லாரியில் ஏறிப் போய்விட்டன. முழங்கால் உயரத்துக்குத் தூர் மட்டும் நின்றது. குறுக்களவு நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையில் ஐந்தடி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான காம்பவுண்டு சுவருக்கு மூன்றடிகூட இல்லை. இன்னொரு பக்கம் தண்ணீர் சம்ப். "இதையும் எடுத்துடுவீங்கதானே?" என்று கேட்டேன். "அது வேற வேலை சார். வீட்டை ஒட்டி இருக்கு, நாங்க கை வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் துடைத்து வண்டியில் வைத்தார் அவர்களில் மூத்தவர்.

விருகம்பாக்கம் பக்கம் எங்கள் வீடு. மரம் தூங்குமூஞ்சி, வீடு கட்டிய வருடமே வைத்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் தெரு முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தபோது இது விழவில்லை, சாய்ந்து நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் சாய்வு கொஞ்சம் கூடியது. வெட்ட மனசில்லாமல் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஒரு மழைக்கு மறுநாள் வேர்ப்பக்கம் மண் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் வெட்டச் சொன்னோம்.

தூரை என்ன செய்யலாம் என்று நான் கேட்காத ஆளில்லை. ஜேசிபிக்காரர், "அரை மணி நேர வேலை" என்றார். மேஸ்திரி, "தரை மட்டத்துக்கு அறுத்துட்டு மேலே கான்கிரீட் போட்டுடலாம் சார்" என்றார். உரக்கடையில் ஒரு பவுடரை எடுத்து நீட்டினார்கள். உறவுக்கார மாமா ஒருவர் பெருங்காயம் வைக்கச் சொன்னார். இவற்றில் சில வெட்டவெளியில் நிற்கும் தூருக்குச் சரியாக இருக்கலாம். வீட்டை ஒட்டி நிற்கும்போது கணக்கு வேறு. கண்ணுக்குத் தெரியும் கட்டை பெரிய பிரச்சினை இல்லை. அதன் வேர் எங்கே போயிருக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் எந்த வழி என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதலில் மரம், மண், அஸ்திவாரம்

என்ன மரம் என்பது முதல் கேள்வி. வேம்பு, பூவரசு, புங்கன், தேக்கு, தூங்குமூஞ்சி எல்லாம் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பவை. வெட்டினால் கதை முடியாது. அடுத்த மழைக்குச் சுற்றிலும் கொத்துக்கொத்தாகத் தளிர் விடும். அரசும் ஆலும் இன்னும் பிடிவாதம். சுவர் இடுக்கில் ஒரு வேர்த்துண்டு மிச்சமிருந்தாலும் அதிலிருந்து கிளம்பும். தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கவலை இல்லை. உச்சியிலுள்ள ஒரே குருத்து போனால் மரம் போனதுதான்.

ஆனால் தென்னந்தூருக்கு வேறு தொல்லை உண்டு. மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பக்கத்தில் நல்ல தென்னை நின்றால் அதன் குருத்தைத் துளைக்கும். தஞ்சாவூர் வாடல் நோய் கண்ட மரமாக இருந்தால் தூரை மண்ணில் விடவே கூடாது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடலோரத்தில் தெரியவந்து அந்தப் பெயரைப் பெற்ற நோய் அது. காரணமான பூஞ்சை, செத்த வேரிலும் தூரிலும் தங்கி மண் வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். தென்னை வீட்டுக்காரர்களுக்கு, வேரோடு தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அதனால் தோண்டுவதும் மற்ற மரங்களைவிட எளிது.

அடுத்தது மண். சென்னையிலேயே இது இடத்துக்கு இடம் மாறும். திருவான்மியூர் பக்கம் கடல் மணல், கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை, எங்கள் பகுதி, அண்ணா நகர், தி. நகர் எல்லாம் களி. களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் இருந்தவரை அந்த இடத்து ஈரத்தை நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மரம் போனதும் அந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, களி மெல்ல மெல்ல ஊதும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் இது இன்னும் அதிகம். ஆகவே தூரை யாருமே தொடாவிட்டாலும் ஒரு மழைக்காலம் கழித்துச் சுவரில் விரிசல் வரலாம். அப்படி வந்தால் தூரை விட்டுவைத்ததால்தான் வந்தது என்று அவசரப்பட்டுத் தோண்டிவிடக் கூடாது.

மூன்றாவது அஸ்திவாரம். பில்லர் வைத்துக் கட்டிய வீடென்றால் ஐந்தாறு அடி ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய சுவர்க்கட்டு வீடென்றால் மூன்று, நான்கு அடி இருக்கும். காம்பவுண்டு சுவர் பல வீடுகளில் ஒன்றரை அடி ஆழத்தில்தான் நிற்கும். எனவே தூர் எடுக்கும்போது முதலில் ஆபத்து காம்பவுண்டுக்கு. எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் எளிதாக ஒரு கணக்குச் சொன்னார். கடைக்காலின், அதாவது அஸ்திவாரத்தின், அடிமட்டத்துக்கு மேலே தோண்டுவது வரை பெரிய பயமில்லை. அதற்குக் கீழே ஓர் அடி போனால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கணும், இரண்டு அடி போனால் இரண்டு அடி. மண் சரியாமல் நிற்பதற்கு இது குறைந்தபட்சம். மழைக்காலத்தில் இதுவும் போதாது.

ஜேசிபி

வேகம் என்றால் இதுதான். காலி மனையில், நாலு பக்கமும் இருபது அடிக்கு எதுவும் இல்லாத இடத்தில், நானும் ஜேசிபியைத்தான் கூப்பிடுவேன். மண்ணைச் சுற்றிலும் பறித்து, பக்கத்து வேர்களைப் பல்லால் அறுத்து, அடியில் கொடுத்து ஒரே நெம்பு.

வீட்டை ஒட்டிய இடத்தில் அந்த நெம்புதான் பிரச்சினை. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் மூன்று அடி மண்ணுக்குள்தான் படர்ந்திருக்கும். ஆனால் கிளை விரிந்த அளவையும் தாண்டிப் போகும். ஐந்தடி தள்ளி நின்ற எங்கள் மரத்தின் வேர் வீட்டு அஸ்திவாரத்தைத் தொடாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தூரை நெம்பும்போது வேரும் சேர்ந்து எழும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சுவரையும் தூக்கும். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேப்பந்தூரை இப்படி இழுத்தார்கள். தூர் முழுசாக வந்தது. காம்பவுண்டு சுவர் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் படிப்படியாக வெடித்தது. இழுத்த இடத்திலிருந்து எட்டடி தள்ளித்தான் விரிசல் தொடங்கியிருந்தது. வேர் அந்த வழியாகப் போயிருக்கிறது. வண்டி ஓட்டியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்னொன்று, வண்டியின் எடை. நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல். சம்ப், செப்டிக் டேங்க் இவற்றின் மூடியின் மேல் ஒரு சக்கரம் ஏறினாலும் போதும். உள்ளே வர எட்டடி வாசலாவது வேண்டும். சின்ன எக்ஸ்கவேட்டர் கிடைத்தால் பரவாயில்லை. அதைக்கூட மண் அள்ள மட்டும் பயன்படுத்துவேன், இழுக்க விடமாட்டேன்.

அரைக்கும் இயந்திரம்

பல் வைத்த சக்கரம் சுழன்று தூரை மேலிருந்து தூளாக அரைக்கும். தரைக்குக் கீழே அரையடியிலிருந்து ஓர் அடி வரை போகும். கையால் தள்ளும் சின்ன வகை மூன்றடிச் சந்துக்குள்ளும் நுழையும். வேரை இழுப்பதில்லை, குழி இல்லை, அஸ்திவாரத்துக்கு அதிர்ச்சி இல்லை. கிடைக்கிற ஊரென்றால் வீட்டை ஒட்டிய தூருக்கு இதுவே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்வேன். நம் ஊரில் ஜேசிபி போலத் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை என்பதுதான் குறை. கிடைத்தாலும் முதலில் தூரைச் சோதியுங்கள். எங்கள் மரத்தில் மட்டும் கொடிக்கயிற்றுக்கு அடித்த ஆணிகள், கேபிள்காரர் விட்டுப்போன கம்பி, பட்டைக்குள் புதைந்துபோன ஒரு இரும்பு வளையம் இவ்வளவு இருந்தன. சக்கரம் அதில் பட்டால் பல் உடையும், துண்டு எகிறும். பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை மறைப்புக் கட்டாயம்.

அரைத்த தூளை அப்படியே குழியில் விட்டு அதன் மேல் செடி வைக்காதீர்கள். மக்கும் தூள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்து நிற்கும்.

மருந்தும் நெருப்பும்

இரண்டு வேறு வேலைகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். துளிர்க்காமல் கொல்வது ஒன்று. கட்டையை மக்கவைப்பது இன்னொன்று. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்குக் கெடுதலாகலாம்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இதற்கு நல்ல உதாரணம். துளையில் போட்டால் தூர் பட்டுப்போகும் என்று போடுகிறார்கள். ஆனால் மயில்துத்தம் பூஞ்சைக்கொல்லி. பயிர்களின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்வது அதுதான். மரத்தை மக்கவைப்பதே பூஞ்சைதான். அதைக் கொன்றுவிட்டு மக்குவதற்குக் காத்திருந்தால் எப்படி? கல்லுப்பு அதைவிட மோசம். மண்ணில் இறங்கி, கான்கிரீட்டுக்குள் போய், உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சம்ப் சுவருக்கும் பில்லருக்கும் பக்கத்தில் மூட்டை உப்பைக் கொட்டுவது வீட்டுக்கு நாமே வைக்கும் வினை. கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

களைக்கொல்லி கிளைபோசேட் துளிர்ப்பை நிறுத்தும். ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. வேண்டுமென்றால் அவர்களை வைத்து, வெட்டிய உடனே, பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் மட்டும் தடவச் சொல்ல வேண்டும். நடுக்கட்டை ஏற்கெனவே உயிரற்றது, அதில் ஊற்றுவது வீண். நான் அதுவும் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு முறை தளிரைக் கையால் ஒடித்தேன். இலை இல்லாவிட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லை. பொறுமை இருந்தால் ஓராண்டு, இரண்டாண்டில் வேர் தானே ஓய்ந்துவிடும்.

உரக்கடையில் கொடுத்த பவுடர் பொட்டாசியம் நைட்ரேட், 13-0-45 என்று மூட்டையில் போட்டிருக்கும் உரம். ஓர் அங்குலத் துளைகள் போட்டு இதை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சைக்கு நைட்ரஜன் கிடைக்கும், மக்குவது கொஞ்சம் விரைவுபடலாம். சாணிக்கரைசலும் அந்த வழிதான். மாதக்கணக்கில் கட்டை கரைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆண்டுக்கணக்குதான். இதே உப்பு ஊறிய கட்டை எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்தில் குப்பை எரிக்கும் பழக்கம் உள்ள தெருவில் இதைப் போடவே வேண்டாம்.

எரிப்பது பற்றி ஒரே வரி: வீட்டை ஒட்டி எரிக்காதீர்கள். மேலே தணல் அணைந்தாலும் வேர் வழியாக நெருப்பு மண்ணுக்குள் நாள்கணக்கில் புகைந்துகொண்டு போகும், அந்த வழியில் உங்கள் மின்கேபிள் இருக்கும்.

கான்கிரீட் போட்டு மூடுவது

மேஸ்திரி சொன்ன யோசனை சுலபமாகத் தோன்றியது. ஆனால் மூடியதும் அடியில் கட்டை மக்கும். நாலடி அகலத்தில் ஒரு வெற்றிடம் உருவாகும். ஒரு நாள் கான்கிரீட் உள்வாங்கும், அநேகமாக பைக் நிறுத்தும்போது. அதைவிடப் பெரிய கவலை கரையான். மூடியின் அடியில் இருட்டும் ஈரமும் மரமும் சேர்ந்து கிடைத்தால் அதற்கு விருந்து. நம் கண்ணில் படாமல் கடைக்கால் வழியாகக் கதவு நிலை வரை வந்துவிடும். திறந்து கிடக்கும் தூர் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதில் மண்தடம் ஏறினால் நமக்குத் தெரியும்.

கையால்

கடைசியில் நாங்கள் போன வழி இதுதான், முழுசாக அல்ல, பாதி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கூலி வேலை செய்யும் பெரியவர் ஒருவர், கூட அவர் மருமகன். முதல் நாள் அவர் கோடாலியைத் தொடவே இல்லை. சம்ப் பக்கமும் வீட்டுப் பக்கமும் மண்வெட்டியால் ஓர் அடி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி மண்ணை எடுத்தார். வேர் தட்டுப்பட்ட இடத்திலெல்லாம் தண்ணீரை ஊற்றிக் கையால் வழித்து, கடப்பாரையின் நுனியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "தம்பி, இது செத்த வேரு. அதோ அது உசுரோட இருக்கு, சம்புக்கு அடியில போவுது" என்றார். மறுநாள் பார்த்தபோது சம்ப் சுவரின் வெளிப்பக்கத்தில் சல்லிவேர்கள் தேங்காய்நார் மிதியடி விரித்தது போல அப்பிக்கொண்டிருந்தன. நான்கு ஆண்டாகச் சம்ப்பில் தண்ணீர் ஏன் குறைந்துகொண்டே இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

வேர்களை அவர் அஸ்திவாரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கைரம்பத்தால் அறுத்தார். அஸ்திவாரத்துக்கு அடியில் போன துண்டுகளை அப்படியே விட்டுவிட்டார். "உள்ள இருக்கறத உருவினா மண்ணு பொக்குன்னு போயிடும். அது பாட்டுக்கு மக்கட்டும், மண்ணு கூடவே இறங்கிக்கும்" என்றார். பொறியாளரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்: மணிக்கட்டு தடிமன் வேர் மெல்ல மக்குவதால் வரும் இறக்கம், ஒரே நாளில் உருவி எடுப்பதால் வரும் இறக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

வேர்கள் அறுபட்ட பிறகு தூரைச் செயின்சாவால் கட்டம் கட்டமாகக் கீறி, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் பிளந்தார்கள். கீறுவதற்கு முன் பட்டை இடுக்கில் உள்ள மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். மண்ணில் பட்டால் செயின் நிமிஷத்தில் மழுங்கிவிடும். தரைக்கு முக்கால் அடி கீழே வரை எடுத்தார்கள். அதற்குக் கீழே நடுவேரும் காம்பவுண்டு பக்கத்து வேர்களும் மண்ணிலேயே இருக்கின்றன. இரண்டு பேருக்கு நான்கு நாள் ஆனது. செலவு ஜேசிபி வாடகையைப் போல மூன்று மடங்கு. பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலிலேயே பேசிவிட்டதால் அவர்களும் பாதி ஏற்றுக்கொண்டார்கள். சுவர் பொது, வேர் இரண்டு பக்கமும். சொல்லாமல் தோண்டி நாளைக்கு விரிசல் வந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

குழியை ஒரே மூச்சில் மூடவில்லை. அரையடிக்கு ஒரு முறை கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் குத்தி, மறுபடி அரையடி. இந்த வேலைக்குப் பங்குனியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டிவிட்டு மழைத் தண்ணீர் கடைக்காலை ஒட்டிக் குழியில் நின்றால், வேர் செய்யாத கெடுதலைக் குழி செய்துவிடும். கரையான் மருந்தை வீட்டுப் பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னோம். கிணறு உள்ள வீடுகளில் அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

விழுந்த மரமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. புயலில் வேரோடு பெயர்ந்து, தட்டு மாதிரி வேர்மண் செங்குத்தாக நிற்கும் மரங்கள் உண்டு. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் தோப்புத் தோப்பாக அப்படிக் கிடந்தன. நடுமரத்தின் பாரம்தான் அந்தத் தட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கும். மரத்தை அறுத்து விட்ட நொடியில் தூர் சடாரென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் உட்காரும். அந்தக் குழிக்குள் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் வெளியேற்றுங்கள். அறுப்பதற்கு முன் தூரைக் கயிற்றால் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்படியே விடுவது எப்போது சரி

சுவரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி, துளிர்க்காத மரமாக, கரையான் தடம் இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். மூன்றடிக்குள், குழாயோ சம்ப்போ பக்கத்தில் இருந்தால் வீட்டுப் பக்க வேரை மட்டுமாவது கையால் திறந்து பார்த்து அறுத்துவிடுவது நல்லது. பழைய சுவர்க்கட்டு வீடு, களிமண், ஏற்கெனவே விரிசல் என்று மூன்றும் சேர்ந்திருந்தால், எந்த வழியிலும் இறங்குவதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் வரச்சொல்லிக் காட்டுங்கள். அந்தக் கட்டணம் கொடுக்கத் தகுந்தது.

காம்பவுண்டு சுவரில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. வேலை தொடங்கும் முன் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன். இரண்டு வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. கார்த்திகையில் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீர் அந்தப் பக்கம் தேங்காமல் குழாய் வழியாகத் தெருவுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். கோடு போட்ட இடத்திலேயே விரிசல் நிற்கிறது. சென்ற மாதம் மழைக்குப் பிறகு மூடிய குழியின் ஓரத்தில் வெள்ளைக் காளான்கள் வரிசையாக முளைத்திருந்தன. மண்ணும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அரைக்கூடை கிராவல் கொட்டி மட்டம் பார்த்து மிதித்துவிட்டேன்.